படி இல்லாத வீடு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம். வாயில் மட்டும் முப்பத்திரண்டில் ஒன்று குறைவு. ஞானப்பல் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது, போன வாரம் பிடுங்கச் சொல்லி எடுத்துவிட்டேன். உங்கள் இடுப்பு வலி விட்டதா? அண்ணன் எப்படி இருக்கிறார்? பொடிசு பள்ளிக்கூடத்தில் யாரையாவது கடித்தாளா?

பொடிசுக்குக் கீழ்வரிசை முன்பல் ஆடுகிறதாமே, அண்ணன் போனில் சொன்னார். விழுந்ததும் தூக்கி எறிந்துவிடாதீர்கள், எனக்கு வேண்டும். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் கேட்கிறேன்.

இங்கே எங்கள் ஆய்வுக்கூடத்தில் பல்லின் மேலுறையைத்தான் ஆராய்கிறோம். எனாமல். பாடப்புத்தகத்தில் பற்சிப்பி என்று போட்டிருப்பார்கள். மனித உடம்பில் அதைவிடக் கெட்டியான பொருள் இல்லை. பல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, மெருகு போட்டு, நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தில் வளையம் தெரிவதுபோல உள்ளே கோடு கோடாகத் தெரியும். குழந்தைப் பல் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. எல்லா அம்மாக்களும் பத்திரப்படுத்துகிறேன் என்று சொல்லித் தொலைத்துவிடுகிறார்கள்.

விழுந்தால் கழுவ வேண்டாம், பிரஷ் போடவே கூடாது. ஒரு சின்ன டப்பாவில் உப்புத் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு அனுப்புங்கள்.

இங்கே ஒரு இயந்திரம் இருக்கிறது. பல்லை நடுவில் வைத்து அழுத்தி, எப்போது விரிசல் விடுகிறது என்று பார்ப்போம். எங்கள் உதவியாளர் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருக்கிறார். "மாமியார் கிட்ட ஒண்ணு குடுத்தாச்சு!" என்று கத்துவார், கொஞ்ச நேரத்தில் டப்பென்று கேட்கும். எல்லோரும் சிரிப்பார்கள். உங்கள் மாமியாரை நினைத்துக்கொண்டு நான் மட்டும் சும்மா இருப்பேன். எங்கள் அம்மா ஒரு எறும்பைக்கூட நசுக்கியதில்லை.

அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் பட்டறையில் கல் அறுக்கிற வைரச் சக்கரம்தான் இங்கே என் மேசையிலும் சுற்றுகிறது. அவர் மலையை அறுக்கிறார், நான் பல்லை அறுக்கிறேன். இந்த வேலை கிடைத்த அன்று எனக்குப் பல்லி என்று பெயர் வைத்ததும் அவர்தானே. அப்பா கை ஓங்கிய போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நின்ற மனிதர், என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கட்டும்.

உங்கள் அன்பு நாத்தனார்,
பல்லி


ஜனவரி 24

பல்லிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். இடுப்பு வலி அதன்பாட்டுக்கு இருக்கிறது, நான் என்பாட்டுக்கு இருக்கிறேன். நீ தனியாக இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடு.

பொடிசு பல்லைத் தர மாட்டாளாம். "அத்தை வெட்டிருவாங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறாள். விழுந்தால் அது பல் இல்லை, பிறகு வெட்டினால் வலிக்காது என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப உங்க பல்லைக் குடுங்க" என்கிறாள். உன் மருமகள்தான், சந்தேகமே இல்லை.

இனிமேல் கடிதமாகவே எழுது. போனில் பேசினால் உன் அண்ணன் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். நாம் இரண்டு பேரும் பேசுவது அவருக்கு நாடகம் கேட்பது மாதிரி இருக்கிறதாம். பட்டறையில் வேலை ஜாஸ்தி. வீடெல்லாம் மாதிரிக் கற்கள், உள்ளங்கை அகலத்துக்கு, அலமாரி நிறைய. துடைத்துத் துடைத்து என் கை தேய்கிறது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்கு மேல் முன்பல்லில் ஒரு மூலை போய்விட்டது. சாப்பாட்டில் கல். "கல்லுக்காரன் பொண்டாட்டி கல்லைத் தின்னா என்ன தப்பு" என்று உன் அண்ணன் சிரிக்கிறார். எனாமல் திரும்ப வளருமா? நகம் வளர்கிறதே, அந்த மாதிரி? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே குளிர் விட்டுவிட்டது, எனக்குத் தும்மல்தான் விடவில்லை. மற்றபடி நலம். பொடிசிடம் சொல்லுங்கள், அத்தை வெட்டுவது அவள் பல்லுக்கு ஒரு ராஜ மரியாதை என்று.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வளராது அண்ணி. தோல் ஆறும், எலும்பு கூடும், நகம் வளரும். எனாமல் மட்டும் போனது போனதுதான். அதை உண்டாக்குகிற செல்கள் பல் ஈறைவிட்டு வெளியே வருவதற்குள் செத்துவிடுகின்றன. பிறகு செப்பனிட ஆளே இல்லை.

ஆனால் சும்மா உடையவும் உடையாது. மயிரைவிட மெல்லிய இழைகள் கட்டுக்கட்டாக, ஒன்றுக்கு ஒன்று குறுக்கே பின்னிக் கிடக்கின்றன. ஒரு விரிசல் ஓடி வந்தால் அந்தப் பின்னலில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். நம் எல்லோர் பல்லிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் எத்தனையோ இருக்கின்றன. அத்தனையையும் வைத்துக்கொண்டுதான் மென்றுகொண்டிருக்கிறோம். எங்கள் மாமியாரே ஒரு பல்லை உடைக்க முக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் எனக்கு ஒன்று பிடிபடவில்லை. சாப்பாட்டில் கல் என்றால் கடைவாய்ப் பல்தானே போக வேண்டும்? மெல்லுவது அங்கேதான். முன்பல்லால் கொறித்துத் தின்ன நீங்கள் என்ன அணிலா? உடைந்த சில்லு இருந்தால் அனுப்புங்கள், எந்தப் பக்கத்திலிருந்து விரிசல் கிளம்பியது என்று பார்த்துச் சொல்கிறேன். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்!

அண்ணனை உடனே ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், தட்ட மாட்டார்.

அன்புடன்,
பல்லி


மார்ச் 1

பல்லிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. பொடிசு பல் விழுந்துவிட்டது. நீ சொன்னபடி கழுவாமல் உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது.

எழுத்து கோணலாக இருக்கும். படி தடுக்கிடுச்சு. வலது கை கொஞ்சம் வீக்கம். சில்லைத் தேடினேன், பெருக்கும்போது போயிருக்கும். டாக்டரிடம் பிறகு பார்க்கலாம் என்கிறார்.

பொடிசு நன்றாகப் படிக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்?

அண்ணி


மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

பல் பத்திரமாக வந்தது. கை எப்படி இருக்கிறது? கட்டுப் போட்டீர்களா? மறைக்காமல் எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இனிக் கிழிக்கப் போவதில்லை.

உங்கள் வீட்டில் படி எங்கே இருக்கிறது அண்ணி? போன வருஷம் வந்து இரண்டு வாரம் இருந்தேனே. தெருவிலிருந்து சமையலறை வரைக்கும் ஒரே மட்டம். கொல்லைக் கதவில்கூட ஒரு விரல் உயரம் கிடையாது.

நானும் அண்ணனும் வளர்ந்த வீட்டிலும் படி கிடையாது. ஆனாலும் எங்கள் அம்மா அடிக்கடி படி தடுக்கி விழுவார். பக்கத்து வீட்டில் கேட்டால், கடையில் கேட்டால், ஆஸ்பத்திரியில் கேட்டால், எல்லோரிடமும் ஒரே பதில்: "படி தடுக்கிடுச்சு." அப்பாவின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அண்ணன் என் காதில் சொல்வார், "இன்னிக்குப் படி தடுக்கும், நீ கட்டிலுக்கு அடியில போ." அப்பாவின் கைக்கு எங்கள் வீட்டில் பெயர் படி. உயிரோடு இருப்பவர்களில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் அது தெரியும். நீங்கள் அதே வார்த்தையை, அச்சு அசலாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இன்னொன்று. பொடிசு பல்லை அறுத்துப் பார்த்தேன். பாற்பல்லின் எனாமல் பாதிக்கு மேல் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடும். பிறக்கிற அன்று குழந்தைக்கு ஏற்படுகிற அதிர்ச்சி ஒரு கோடாக விழும், பிறப்புக் கோடு. அது எல்லோருக்கும் உண்டு. பொடிசுக்கு அதற்கு முன்னாலேயே இன்னொரு கோடு இருக்கிறது. பிறப்புக் கோட்டைவிடக் கறுப்பு. நீங்கள் ஏழு மாதமாக இருந்த சமயம் என்று கணக்குச் சொல்கிறது. காய்ச்சலாக இருக்கலாம், பட்டினியாக இருக்கலாம். கோடு காரணத்தைச் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை என்று நீங்கள் எழுதினால் நம்பிவிடுவேன். நம்ப ஆசைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதில் எழுதுங்கள், ஒரு வரி போதும்.

பல்லி


ஏப்ரல் 2

என் அருமைத் தங்கச்சி பல்லிக்கு,

அண்ணனின் ஆசிகள். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே பட்டறை நன்றாக ஓடுகிறது. உன் அண்ணிக்குக் கை வலி, எழுத முடியவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் பேனாவைப் பிடித்துக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. உனக்காக.

உன் கடிதத்தைப் பிரித்தது நான்தான். என் வீட்டு வாசலுக்கு வருகிற கடிதம் என் கடிதம்தானே? ரொம்ப நன்றாக எழுதுகிறாய். படிக்க வைத்தது வீண் போகவில்லை. உன் அண்ணிக்கு உரக்கப் படித்தே காட்டினேன்.

அவள் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். எதையாவது உளறுவாள், நீ படித்த பெண், அதைப் பெரிதுபடுத்தலாமா? படி தடுக்கியது உண்மை. வீட்டில் படி இல்லை என்கிறாய். இல்லாவிட்டால் என்ன, கல் நம் பட்டறையில் கொட்டிக் கிடக்கிறது, ஒன்று கட்டிவிட்டால் போகிறது.

நம் வீட்டு விஷயத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாயே, மறந்துவிட்டாயா? நீ கட்டிலுக்கு அடியில் இருந்தபோது வெளியே நின்றது யார்? என் முதுகைப் பார்த்தவள் நீ. அந்த முதுகுக்காகவாவது வாயை மூடிக்கொண்டிரு.

சின்ன வயதில் உன்னைக் கிண்டல் செய்கிற பயல்களிடம் "பல்லைப் பேத்துக் கையில குடுத்துருவேன்" என்று சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது பொடிசிடம் சும்மா விளையாட்டுக்குச் சொல்கிறேன். அவளும் சிரிக்கிறாள்.

நீ பல்லை மட்டும் பார், குடும்பத்தைப் பார்க்காதே. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் பாசமுள்ள அண்ணன்


ஏப்ரல் 20

பல்லிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். இதை எதிர் வரிசைத் தையல்காரம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், ரவிக்கை அளவு கொடுக்க வந்த மாதிரி. இனி வீட்டுக்கு எழுதாதே. இந்தம்மா முகவரி கீழே இருக்கிறது, இங்கே எழுது.

உன் மேல் எனக்குக் கோபம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பாசத்தில்தான் எழுதினாய், ஆனால் அந்தக் கடிதம் வந்த அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நடுக்கூடத்தில் என்னை நிற்கவைத்து முழுசாகப் படித்தார். பிறகு, "படி எங்கன்னு என் தங்கச்சி கேக்கறாடி. காட்டு" என்றார். இல்லை என்றேன். அடித்தார். சமையலறைக்கு இழுத்துப் போனார். "இங்க இருக்கா?" இல்லை என்றேன். அங்கேயும் அடித்தார். மயிரைப் பிடித்து ஒவ்வொரு அறையாக. கொல்லைக் கதவுக்கு வந்ததும் என்னால் முடியவில்லை, இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வெறும் தரையை விரலால் காட்டினேன். "அப்ப ஏறு" என்றார். நான் ஏறுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கினேன். ஊன்றியிருந்த காலில் உதைத்தார். விழும்போது ஊன்றிய மணிக்கட்டு முறிந்தது. "பாத்தியா, படி தடுக்கிடுச்சு" என்று சிரித்தார். பொடிசு கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பல் போனது சாவிக்கொத்து. கையில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு குத்தினார். கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. அணிலா என்று கேட்டாயே, அதைப் படித்துவிட்டு நான் உண்மையிலேயே சிரித்தேன். அதுவும் சொல்ல வேண்டும்.

ஏழாம் மாதம் என்ன நடந்தது என்று கேட்டாய். பாத்திரம் கைதவறி விழுந்தது, அதற்காக. சுவரோடு சேர்த்துப் பிடித்து வயிற்றில் உதைத்தார். அதன் பிறகு ரொம்ப நேரம் பொடிசு உள்ளே அசையவில்லை. வயிற்றைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன். அன்றைக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை, பார்த்தவர் ஒருவரும் இல்லை என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். சாட்சி உள்ளேயே இருந்திருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது பல்லி. அவ்வளவுதான். வேறு பெரிய வார்த்தையெல்லாம் இல்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


ஏப்ரல் 27

அண்ணிக்கு,

கை கூடி வருகிறதா? அதைக் கேட்கவே கூசுகிறது, அது முறிந்தது என்னால். மன்னிப்புக் கேட்டு உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. உருப்படியாக மட்டும் எழுதுகிறேன்.

கிளம்பி வந்துவிடுங்கள். பொடிசையும் கூட்டிக்கொண்டு. இங்கே ஒரு அறை இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காட்டுங்கள். எப்படி என்று கேட்பார்கள். அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். புருஷன் உதைத்தான் என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். துணிமணியை ஒவ்வொன்றாகத் தையல்காரம்மாவிடம் கொடுத்து வைத்துவிடுங்கள், தைக்கக் கொடுக்கிற மாதிரி.

என் ஞானப்பல்லை அறுத்துப் பார்த்தேன். எனக்கும் கோடுகள் இருக்கின்றன. அவன் பல்லில் இன்னும் அதிகம் இருக்கும், எனக்கு விழ வேண்டியதையும் சேர்த்து அவன்தான் வாங்கினான். அதற்காக அவன் உங்களை அடிக்கலாம் என்று எந்தக் கணக்கில் வரும்? அவன் என்று எழுதிவிட்டேன். திருத்தப் போவதில்லை.

அம்மா எனக்குச் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்: "பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு." கடைசியில் அம்மாவின் வாயைப் பார்த்தேன். கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மொட்டையாகியிருந்தன. இருபது வருஷம் கடித்திருக்கிறார். நீங்கள் கடிக்காதீர்கள் அண்ணி. வந்துவிடுங்கள்.

பல்லி


ஜூன் 11

பல்லிக்கு,

நான் பதில் எழுதாததற்குத் திட்டிக்கொண்டிருப்பாய். திட்டு.

கை கூடிவிட்டது, கொஞ்சம் கோணலாக. ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அவர் பக்கத்திலேயே நின்றார். அதனால் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதமாகக் கை ஓங்கவில்லை. பொடிசுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் சாப்பிடும்போது திடீரென்று அழுதார். "நான் எங்கப்பா மாதிரி ஆயிட்டேனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் அழுதால் எனக்கு மனசு இளகிவிடுகிறது, அதுதான் என் வியாதி. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்.

பொடிசுக்கு விழுந்த இடத்தில் புதுப்பல் வந்துவிட்டது. ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி. கண்ணாடியில் பார்த்துப் பார்த்து இளிக்கிறாள். "இது அத்தைக்குக் கிடையாது, இது எனக்கு" என்கிறாள்.

கோபப்படாதே. சாப்பிடு.

அண்ணி


ஜூலை 19

பல்லிக்கு,

நானும் பொடிசும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடு என்கிறார் தையல்காரம்மா. அவருடைய தங்கை வீட்டில் இருக்கிறோம், வேறு ஊர். போலீசில் சொல்லியாகிவிட்டது, இந்தத் தடவை டாக்டரிடமும் உள்ளது உள்ளபடி சொல்லிவிட்டேன். இரண்டொரு தரம் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். அது முடிந்ததும் உன்னிடம் வருகிறோம்.

போன வாரம் அவருக்கு ஒரு பெரிய வேலை கைநழுவிப் போனது. வந்ததும் வராததுமாகச் சைக்கிள் வழியில் கிடந்தது என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே போனேன். என்னைத் தள்ளிவிட்டுப் பொடிசை அறைந்தார், புறங்கையால், மோதிரத்தோடு. உதடு கிழிந்தது. அந்தப் புதுப்பல், பல்லி, அதன் ரம்ப ஓரம் ஒடிந்துவிட்டது. முளைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. திரும்ப வளராது என்று நீ எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. அது ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். என்னை உட்காரவைத்துப் பொடிசிடம், "வாயில என்னடா கண்ணு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்:

"படி தடுக்கிடுச்சு மிஸ்."

அழாமல், முகம் மாறாமல். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். டீச்சர் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்து கதறினேன்.

சாயங்காலம் அவர் வந்தார். டீச்சர் பட்டறைக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். "ஸ்கூல்ல என்னடி சொன்னே?" என்று பெல்ட்டை உருவிக்கொண்டே பொடிசை நோக்கிக் குனிந்தார். "படின்னுதாம்ப்பா சொன்னேன், படின்னுதாம்ப்பா சொன்னேன்" என்று அவள் பின்னால் போகிறாள். பெல்ட் ஒரு தடவை விழுந்தது. இரண்டாவது தடவை விழவில்லை.

அலமாரியில் கைக்கு எட்டியது ஒரு மாதிரிக் கல். கறுப்பு, மெருகு போட்டது. தினமும் துடைக்கிற கல். இரண்டு கையாலும் பிடித்து வாயிலேயே அடித்தேன். அந்த ஆள் மல்லாந்து விழுந்தார். மறுபடி ஓங்கினேன். தலையைப் பார்த்துத்தான் ஓங்கினேன், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பொடிசு "அம்மா" என்றாள். நிறுத்திவிட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினார். "என்னடி பண்ணிட்டே" என்றார், வார்த்தை காற்றாக வந்தது. வருத்தப்படுகிறேனா என்று தெரியவில்லை. ஆனால் பசித்தது. அத்தனை வருஷத்தில் அப்படிப் பசித்ததே இல்லை.

பல் தரையில் கிடந்தது, வேரோடு முழுசாக. கழுவவில்லை, பிரஷ் போடவில்லை. உப்புத் தண்ணீரில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பல்லைப் பேத்துக் கையில குடுத்துருவேன் என்று உன் அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் தபாலில்.

நேரத்துக்குச் சாப்பிட்டாயா?

அண்ணி


ஆகஸ்ட் 23

அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும், அதுதான் முறை. கேட்டுவிட்டேன். உன்னிடம் நீங்கள் என்றே இத்தனை காலம் பேசினேன். இனி வராது.

உன் பல் வந்து சேர்ந்தது. மேசைமேல் டப்பாவில் இருக்கிறது. உதவியாளர், "மாமியார் கிட்ட குடுக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் அறுக்கவும் இல்லை. அறுத்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். முன்பல்லின் எனாமல் ஐந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அந்த வயது வரைக்கும் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டு நீ நடுங்கிய நாளெல்லாம் அதில் கோடாக இருக்கும். அந்தக் கோடுகளுக்காக நான் அழுதிருக்கிறேன், இப்போதும் அழுகிறேன். உன்னைப்போல் ஒரு அண்ணன் யாருக்கும் கிடைக்க மாட்டான் என்று எல்லோரிடமும் பெருமை பேசிக்கொண்டு திரிந்தவள் நான்.

ஆனால் பல்லில் நீ பட்டது மட்டும்தான் இருக்கும், நீ செய்தது இருக்காது. அது பொடிசு பல்லில் இருக்கிறது.

அண்ணிமேல் புகார் கொடுப்பேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாயாம். தாராளமாகக் கொடு. பல் எங்கே என்று கேட்பார்கள், நானே கொண்டுவந்து காட்டுகிறேன். கூடவே பொடிசின் பாற்பல் வில்லையையும் கொண்டுவருவேன். ஏழாம் மாதத்துக் கோட்டை அவர்கள் நுண்ணோக்கியில் பார்க்கட்டும், காரணத்தை அண்ணி வாயால் கேட்கட்டும்.

விழுந்த பல்லை உடனே எடுத்துக்கொண்டு ஓடியிருந்தால் டாக்டர் திரும்பப் பொருத்தியிருப்பார். அண்ணிக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் அங்கே இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதாதே. நன்றாகச் சாப்பிடுகிறார்கள், அது போதும். பொடிசுக்கு ஒடிந்த ஓரத்தில் வெள்ளையாக ஏதோ வைத்துச் சரிசெய்திருக்கிறார்கள். எப்படி ஒடிந்தது என்று அந்த டாக்டர் கேட்டபோது, முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள். பிறகு, "அப்பா அடிச்சாங்க" என்றாள். சொல்வதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

என்னைப் பல்லி என்று கூப்பிட உனக்கு இனி உரிமை இல்லை. பட்டறைக்கு வருகிறவர்கள் உன் வாயைப் பார்த்து என்ன ஆச்சு என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

உன் தங்கை